சீ மொழியில திரெட் பிரயோரிட்டி செட் பண்ணுறது: லினக்ஸுக்கான முழுமையான வழிகாட்டி

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். பிரயோரிட்டியைக் கூட்டினா உங்கட புரோகிராம் கெதியா ஓடாது. அதே கணக்கு, அதே சீபியு, எடுக்கிற நேரமும் அதேதான். ரெண்டு திரெட் (புரோகிராமுக்குள்ள தனித்தனியா ஓடுற வேலை) சீபியுவின்ர ஒரு கோருக்கு அடிபடேக்க ஆரை முதல்ல விடுறது எண்டதை மட்டும்தான் அது தீர்மானிக்கும், அடிபிடியே இல்லாத மிசின்ல 1 குடுத்தாலும் 99 குடுத்தாலும் ஒண்டுதான். கம்பஸ் பெடியள் கனபேர் "புரோகிராம் ஸ்லோவா ஓடுது, பிரயோரிட்டியைக் கூட்டட்டோ" எண்டு கேக்கிறவை. அவைக்கு வேண்டியது வேற அல்கோரிதம்.

அப்ப ஆருக்கு இது தேவை? குறிச்ச நேரத்துக்குள்ள எழும்பியே ஆகவேணும் எண்டு ஒரு திரெட் உங்களிட்ட இருந்தால் உங்களுக்குத் தேவை. கடைசி வரைக்கும் ஒரே உதாரணத்தை வச்சே போவம். நல்லூர்க் கொடியேறினா 25 நாளும் நாதஸ்வரம் தவில்தானே, அதை ரெக்கோர்ட் பண்ணுற சின்னப் புரோகிராம் ஒண்டு ராஸ்பெரி பை மாதிரி ஒரு போட்ல ஓடுது எண்டு வையுங்கோ. மூண்டு திரெட். ஒண்டு சவுண்ட் காட்ல இருந்து சத்தத்தை எடுக்கும், ரெண்டாவது அதை மெமரி காட்டில எழுதும், மூண்டாவது திரையில மீட்டர் காட்டும். செகண்டுக்கு 48000 சாம்பிள் (சத்தத்தின்ர ஒவ்வொரு அளவீடு), ஒரு பஃபருக்கு (சத்தம் வந்து சேருற தற்காலிக இடம்) 256 சாம்பிள் எண்டால் பிரிச்சுப் பாருங்கோ, ஒரு பஃபர் நிரம்ப 5.33 மில்லிசெகண்ட். ட்ரைவரில ரெண்டு மூண்டு பஃபர் அடுக்கி வச்சிருந்தா கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனா அந்த இடைவெளிக்குள்ள முதலாவது திரெட் எழும்பி எடுக்காட்டி தனித்தவில் உச்சத்தில நிக்கேக்க நடுவில "டிக்" எண்டு ஒரு வெட்டு விழும், அந்தத் துண்டு போனது போனதுதான், திருப்பி எடுக்கேலாது. மெமரி காட்டுக்கு எழுதுற திரெட்டோ மீட்டரோ கொஞ்சம் பிந்தினா ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை. அப்ப பிரயோரிட்டி வேண்டியது ஒரே ஒரு திரெட்டுக்கு. மூண்டுக்கும் கூட்டிக் குடுத்தா ஒண்டுக்கும் குடுக்காத மாதிரித்தான்.

ஃபங்ஷன் பேருகளை எல்லாம் தமிழ் எழுத்திலயே எழுதிறன், அண்டர்ஸ்கோர் வாற இடத்தில அண்டர்ஸ்கோர் போட்டிருக்கிறன், மேன் பேஜை (லினக்ஸோட வாற கையேடு) ஒருக்கா திறந்து பக்கத்தில வச்சால் எது எது எண்டு உடன பிடிபடும்.

படி 1: பொலிசியைத் தெரிவு செய்யிறது

பிரயோரிட்டி எண்ட நம்பருக்கு முதல் பொலிசி எண்டு ஒண்டு இருக்கு, திரெட்டுகளை எந்த விதியில ஓட விடுறது எண்டது, நம்பருக்கு என்ன அர்த்தம் எண்டதே அதிலதான் இருக்கு.

சாதாரணமா எல்லாத் திரெட்டும் ஓடுறது ஷெட்_அதர். இதுக்குப் பிரயோரிட்டி நம்பர் 0 மட்டும்தான், வேற குடுத்தா எரர். இதுக்குள்ள ஏற்ற இறக்கம் வேணுமெண்டால் நைஸ், அது -20 இல இருந்து 19 வரைக்கும், நம்பர் குறையக் குறையப் பங்கு கூடும். நைஸ் ஒரு படி மாறினா சீபியுவில கிடைக்கிற பங்கின்ர நிறை கிட்டத்தட்ட 1.25 மடங்கு மாறும். பங்குதான் மாறும், "இப்பவே என்னை விடு" எண்ட உத்தரவாதம் ஒண்டும் இல்லை. கேர்னலுக்குள்ள (லினக்ஸின்ர மையப் பகுதி) இந்தப் பங்கைப் பிரிக்கிற ஷெடியூலர் 2007 இல இருந்து சிஎஃப்எஸ், 2023 இல வந்த 6.6 கேர்னல்ல இருந்து ஈஈவிடிஎஃப்.

ஷெட்_ஃபைஃபோவும் ஷெட்_ஆர்ஆரும் ரியல்டைம், அதாவது நேரத்துக்கு ஓடியே ஆகவேண்டிய வேலைக்கு. லினக்ஸில 1 முதல் 99 வரை, இஞ்ச நம்பர் கூடினாத்தான் பெரிய ஆள், நைஸுக்கு நேர் எதிர். ஃபைஃபோவில ஒரு திரெட் ஓடத் தொடங்கினா தானா நித்திரைக்குப் போகும்வரை, அல்லது தானா விட்டுக் குடுக்கும்வரை, அல்லது தன்னிலும் பெரிய நம்பர்க்காரர் வரும்வரை இறங்காது. ஆர்ஆர் அதேதான், ஆனா ஒரே நம்பர் உள்ள ஆக்களுக்கிடையில முறை வைக்கும், வழமையான முறை 100 மில்லிசெகண்ட். எங்கட உதாரணத்தில அந்த நம்பரில இருக்கப்போறது ஒரே ஒரு திரெட், அதால ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை, ஃபைஃபோவை எடுங்கோ.

ஷெட்_பாட்ச், ஷெட்_ஐடில் ரெண்டும் பின்னால ஓடுற வேலைக்கு. 2014 இல 3.14 கேர்னலோட வந்த ஷெட்_டெட்லைன் எண்டும் ஒண்டு இருக்கு, அதை பீதிரெட் (சீயில திரெட்டுக்கான லைப்ரரி) ஃபங்ஷனால செட் பண்ண ஏலாது, கணக்கும் வேற, அது இன்னொரு நாளைக்கு.

கனபேர் கவனிக்காத விசயம் ஒண்டு. ஃபைஃபோவில 1 எண்ட கடைசி நம்பரே நைஸ் -20 இல ஓடுற எந்தச் சாதாரணத் திரெட்டையும் தள்ளிப்போட்டுப் போகும். அதால "99 போட்டால்தான் வேலை செய்யும்" எண்டது வெறும் கதை. 99 இல கேர்னலின்ர சொந்தத் திரெட்டுகள் இருக்கு, அவையோட போய் மல்லுக்கட்டாதேங்கோ. ரியல்டைம் கேர்னல்ல இன்டரப்ட் திரெட்டுகள் (சவுண்ட் காட் மாதிரி ஹார்ட்வெயார் கூப்பிடேக்க ஓடுறவை) வழமையா 50 இல நிக்கும். சவுண்ட் காட் டேட்டாவைக் கொண்டு வாற திரெட்டிலும் மேல நீங்கள் போய் இருந்துகொண்டு கோரைப் பிடிச்சு வச்சா, உங்களுக்கு வரவேண்டிய டேட்டாவை நீங்களே மறிச்ச மாதிரித்தான். நான் எண்டால் இதுக்கு 20 குடுப்பன்.

படி 2: ரேஞ்சைக் கேக்கிறது

1 முதல் 99 எண்டது லினக்ஸின்ர கணக்கு. பொசிக்ஸ் (யூனிக்ஸ் மாதிரிச் சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) கேக்கிறது குறைஞ்சது 32 படி மட்டும்தான், வேற சிஸ்டத்தில வேற ரேஞ்ச் இருக்கலாம். அதால ஷெட்_கெட்_பிரயோரிட்டி_மின், ஷெட்_கெட்_பிரயோரிட்டி_மக்ஸ் ரெண்டுக்கும் பொலிசியைக் குடுத்துக் கேட்டுப்போட்டு, வாற மின்னோட ஒரு 19 கூட்டிப் பாவியுங்கோ, மக்ஸைத் தாண்டுதோ எண்டு ஒரு செக்கும் போடுங்கோ. ரெண்டு வரி வேலை.

படி 3: திரெட்டை உருவாக்கேக்கயே குடுக்கிறது

மெயின் வேலை இஞ்சதான். கவனமா, ஒழுங்கு மாறாமல் செய்யுங்கோ.

அட்ரிபியூட் வேரியபிள் ஒண்டை எடுத்து பீதிரெட்_அட்டர்_இனிட். அடுத்தது பீதிரெட்_அட்டர்_செட்இன்ஹெரிட்ஷெட், அதுக்குக் குடுக்க வேண்டியது பீதிரெட்_எக்ஸ்பிளிசிட்_ஷெட் எண்ட பெறுமதி. இந்த ஒரு வரியை விட்டால் என்ன நடக்கும் தெரியுமோ? ஒண்டும் நடக்காது, அதுதான் பிரச்சினையே. லினக்ஸில டிஃபோல்ட் இன்ஹெரிட், அதாவது உருவாக்கிற திரெட்டின்ர பொலிசியை அப்பிடியே எடுக்கும், நீங்கள் அட்ரிபியூட்டில ஃபைஃபோ, 20 எண்டு வடிவா எழுதி வச்சதை எல்லாம் ஒரு எரரும் தராமல் தூக்கி எறிஞ்சுபோட்டு சாதாரணத் திரெட்டா ஓடும், கம்பைலரும் ஒண்டும் சொல்லாது, ரிட்டர்னும் 0, வீட்டில சோதிக்கேக்க எல்லாம் சரி, சனம் நிறைஞ்ச நாளில லோட் ஏறேக்கதான் வெட்டு விழும். "பிரயோரிட்டி போட்டும் வேலை செய்யேல்ல" எண்டு வாற கேள்விகள்ல முதல்ல நான் பாக்கிறது இந்த வரி இருக்கோ எண்டுதான்.

அதுக்குப் பிறகு பீதிரெட்_அட்டர்_செட்ஷெட்பொலிசி, ஷெட்_ஃபைஃபோ குடுங்கோ. அதுக்கும் பிறகுதான் ஷெட்_பாராம் ஸ்ட்ரக்டில ஷெட்_பிரயோரிட்டி எண்ட இடத்தில 20 போட்டு பீதிரெட்_அட்டர்_செட்ஷெட்பாராம். பொலிசி முதல், நம்பர் பிறகு. மாத்திச் செய்தா ஜீலிப்சி (லினக்ஸின்ர சீ லைப்ரரி) அந்த நேரத்தில அட்ரிபியூட்டில இருக்கிற பொலிசியோட நம்பரை ஒத்துப் பாக்கும், அது இன்னும் ஷெட்_அதர், அதுக்கு 0 மட்டும்தான் சரி, உடன ஈஇன்வால். கடைசியா பீதிரெட்_கிரியேட்டுக்கு இந்த அட்ரிபியூட்டைக் குடுத்துப்போட்டு, பிறகு அட்ரிபியூட்டை டிஸ்ட்ரோய் பண்ணிவிடலாம், திரெட்டுக்கு ஒண்டும் ஆகாது. கம்பைல் பண்ணேக்க மைனஸ் பீதிரெட் ஃப்ளாகை மறக்காதேங்கோ.

எரர் பாக்கிற முறையிலயும் ஒரு பொறி இருக்கு. பீதிரெட் ஃபங்ஷன்கள் எரர் நம்பரை ரிட்டர்னிலயே தரும், எர்னோ எண்ட வழமையான எரர் வேரியபிளைத் தொடாது. எர்னோவைப் பாத்து மெசேஜ் அடிக்கிற பீஎரர் போட்டால் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு மெசேஜ்தான் வரும், சிலவேளை "சக்ஸஸ்" எண்டு கூட வரும். ரிட்டர்ன் பெறுமதியை ஒரு இன்டில பிடிச்சு ஸ்ட்ர்எரர்ட்ட குடுங்கோ. 1 வந்தா ஈபேர்ம், பேர்மிஷன் இல்லை. 22 வந்தா ஈஇன்வால், குடுத்த பொலிசியோ நம்பரோ பிழை.

படி 4: பேர்மிஷன்

முதல் தடவை ஓட்டேக்க எல்லாருக்கும் அந்த 1 தான் வரும், பயப்பிடாதேங்கோ, கோடில பிழை இல்லை. ஆரெண்டாலும் ரியல்டைம் எடுக்கலாம் எண்டு விட்டால் ஒரு கிறுக்குப் புரோகிராம் முழு மிசினையும் பிடிச்சு வச்சிருக்கும், அதுதான் கேர்னல் பூட்டி வச்சிருக்கு.

ரூட்டா ஓட்டினா வேலை செய்யும், ஆனா ஒரு ரெக்கோர்டிங் புரோகிராமை ரூட்டா ஓட்டுறது நல்ல பழக்கம் இல்லை. ரெண்டு ஒழுங்கான வழி இருக்கு. ஒண்டு, ஈடிசிக்குள்ள செக்யூரிட்டி ஃபோல்டரில இருக்கிற லிமிட்ஸ் கொன்ஃப் பைலில ஒரு வரி: குரூப் பேருக்கு முன்னால @ போட்டு, அடுத்து ஒரு சின்னக் கோடு, அடுத்து ஆர்டிபிரயோ எண்ட சொல்லு, அடுத்து நம்பர், எங்கட உதாரணத்துக்கு 30 தாராளம். உங்கட யூசரை அந்தக் குரூப்பில சேர்த்துப்போட்டு லொகவுட் பண்ணி திருப்பி லொகின் பண்ணவேணும், திறந்து கிடக்கிற டெர்மினல்ல இது பிடிக்காது. மற்றது, செட்கேப் கமாண்டால அந்த பைனரி பைலுக்கே கேப்_சிஸ்_நைஸ் எண்ட உரிமையைக் குடுக்கிறது. இதில என்னெண்டால் ஒவ்வொரு தடவை கம்பைல் பண்ணேக்கயும் பைல் புதுசா எழுதப்படுறதால அந்த உரிமை போய்விடும், மேக் பைல்லயே செட்கேப் வரியைப் போட்டு வச்சால் தலையிடி இல்லை.

டொக்கருக்குள்ள எண்டால் கொன்டெய்னரைத் தொடங்கேக்கயே சிஸ்_நைஸ் கேபபிலிட்டியும் ஆர்டிபிரயோ யூலிமிட்டும் குடுக்கவேணும்.

பேர்மிஷன் கிடைக்காட்டில் புரோகிராம் செத்துப்போகவேணும் எண்டில்லை. பீதிரெட்_கிரியேட் ஈபேர்ம் தந்தா ஒரு வோர்ணிங்கை அடிச்சுப்போட்டு அட்ரிபியூட் இல்லாமலே திருப்பி உருவாக்குங்கோ. ரெக்கோர்டிங்கே இல்லாததிலும் இடைக்கிடை ஒரு டிக் சத்தத்தோட இருக்கிறது பரவாயில்லை.

படி 5: ஓடிக்கொண்டிருக்கிற திரெட்டை மாத்திறது

ஏற்கனவே ஓடுற திரெட்டுக்கு பீதிரெட்_செட்ஷெட்பாராம், திரெட் ஐடி, பொலிசி, பாராம் மூண்டும் குடுங்கோ. தன்னையே மாத்த பீதிரெட்_செல்ஃப். நம்பரை மட்டும் மாத்த பீதிரெட்_செட்ஷெட்பிரயோ. லைப்ரரி உருவாக்கித் தாற திரெட்டுக்கு அட்ரிபியூட் குடுக்கேலாது தானே, அங்க இதுதான் வழி, கோல்பாக் (லைப்ரரி கூப்பிடுற உங்கட ஃபங்ஷன்) முதல் தடவை வரேக்க தன்னைத்தானே உயர்த்த விடுங்கோ.

எங்கட மீட்டர் திரெட்டுக்கு நேர்மாறு வேண்டும், இறக்கவேணும். செட்பிரயோரிட்டிக்கு பிரயோ_புரோசெஸ், கெட்டிஐடி தாற நம்பர், பிறகு 10. லினக்ஸில நைஸ் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனி, பொசிக்ஸ் சொல்லுறது முழு புரோசெஸுக்கும் ஒண்டு எண்டு, அதால வேற சிஸ்டத்துக்குக் கொண்டு போகேக்க இதை யோசியுங்கோ. தன்னை இறக்கிறதுக்கு ஒரு பேர்மிஷனும் தேவையில்லை. உண்மையைச் சொன்னா கன இடங்கள்ல முக்கியமான திரெட்டை ரியல்டைமுக்கு ஏத்திறதிலும் பாக்க மற்றத் திரெட்டுகளை இப்பிடி இறக்கிவிட்டாலே பிரச்சினை முடிஞ்சிடும், இதை முதல்ல செய்து பாருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

படி 6: உண்மையில செட் ஆச்சோ எண்டு பாக்கிறது

ரிட்டர்ன் 0 வந்தது மட்டும் காணாது. திரெட் தொடங்கின உடன உள்ளுக்க இருந்தே பீதிரெட்_கெட்ஷெட்பாராம் போட்டு பொலிசியையும் நம்பரையும் லொக்கில எழுதுங்கோ. வெளியில இருந்து பாக்க பீஎஸ் கமாண்டில திரெட்டுகளைக் காட்டுற பெரிய எல் ஒப்ஷனோட சிஎல்எஸ், ஆர்டிபிரயோ, என்ஐ கொலம்களைக் கேளுங்கோ. சிஎல்எஸ்ஸில டீஎஸ் எண்டால் சாதாரணம், எஃப்எஃப் எண்டால் ஃபைஃபோ. எங்கட புரோகிராமில சரியா ஒரு எஃப்எஃப், 20 எண்ட நம்பரோட தெரியவேணும். ரெண்டு தெரிஞ்சா சவுண்ட் திரெட் வேற ஒரு திரெட்டை உருவாக்கி இருக்கு, அது இன்ஹெரிட்டால அப்பாவின்ர பிரயோரிட்டியையும் எடுத்துக்கொண்டு வந்திட்டுது. டொப் கமாண்டில பீஆர் கொலத்தைப் பாத்துக் குழம்பாதேங்கோ, அது ஃபைஃபோ 20 ஐ -21 எண்டு காட்டும், 99 எண்டால் "ஆர்டி" எண்டு காட்டும்.

சிஎச்ஆர்டி கமாண்டுக்கு திரெட் ஐடியைக் குடுத்தாலும் சொல்லும், அதாலயே மாத்தியும் பாக்கலாம். கோட் எழுத முதலே பிரயோரிட்டி மாத்திறதால பிரயோசனம் இருக்கோ எண்டு பரிசோதிக்க நல்ல குறுக்கு வழி.

படி 7: மியூடெக்ஸ்

சவுண்ட் திரெட்டுக்கும் எழுதுற திரெட்டுக்கும் நடுவில ஒரு பொதுப் பஃபர், அதுக்கு ஒரு மியூடெக்ஸ், ஒரே நேரத்தில ஒரு திரெட்டை மட்டும் விடுற பூட்டு. பிரயோரிட்டி எல்லாம் வடிவா செட் பண்ணின பிறகும் வெட்டு விழுறதுக்குப் பெரிய காரணம் இதுதான்.

ஒழுங்கைக்குள்ளால அம்புலன்ஸ் வருது, முன்னால ஒரு லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்). லாண்ட்மாஸ்டர் றோட்டில ஏறினாத்தான் அம்புலன்ஸுக்கு வழி. ஆனா றோட்டில பஸ் வரிசையாப் போகுது, லாண்ட்மாஸ்டருக்கு ஆர் வழி விடுவினம்? கடைசியில அம்புலன்ஸ் காத்துக்கொண்டு நிக்கிறது அதோட ஒரு சம்பந்தமும் இல்லாத பஸ்ஸுக்கு. இதுதான் பிரயோரிட்டி இன்வேர்ஷன்: மியூடெக்ஸைப் பிடிச்சிருக்கிறது சின்ன நம்பர், அதுக்குக் காத்திருக்கிறது பெரிய நம்பர், நடு நம்பர்கள் சின்னதை ஓட விடாமல் பெரியதையும் சேர்த்து மறிக்குதுகள்.

1997 யூலை 4 செவ்வாய்க் கிரகத்தில இறங்கின நாசாவின்ர பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கு நடந்ததும் அச்சொட்டா இதுதான். வானிலைத் தகவல் எடுக்கிற சின்னத் திரெட் ஒரு பொதுப் பூட்டைப் பிடிச்சிருக்க, தகவல் பஸ்ஸை (கலத்தின்ர பகுதிகளுக்கிடையில தகவல் போற பாதை) பாக்கிற பெரிய திரெட் காத்திருக்க, நடுவில தொடர்பாடல் வேலை நீண்டுபோக, வோச்டொக் (சிஸ்டம் நிண்டுபோச்சோ எண்டு பாக்கிற காவல்) "ஏதோ பிழை" எண்டு முழு சிஸ்டத்தையும் ரீசெட் பண்ணிக்கொண்டே இருந்தது. அதில ஓடின விஎக்ஸ்வேர்க்ஸ் எண்ட ஒப்பரேட்டிங் சிஸ்டத்தில பிரயோரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் எண்ட ஒப்ஷன் ஏற்கனவே இருந்தது, அந்தப் பூட்டுக்கு ஓஃபில கிடந்தது, பூமியில இருந்தே அதை ஓன் பண்ணித் திருத்தினவை.

எங்களுக்கும் அதே மருந்துதான். மியூடெக்ஸ் அட்ரிபியூட்டை இனிட் பண்ணி பீதிரெட்_மியூடெக்ஸ்அட்டர்_செட்புரோட்டோகோலுக்கு பீதிரெட்_பிரயோ_இன்ஹெரிட் குடுத்து அதோட மியூடெக்ஸை உருவாக்குங்கோ. பெரிய ஆள் காத்திருக்கிற நேரம் மட்டும் பூட்டை வச்சிருக்கிற சின்ன ஆளுக்குப் பெரிய ஆளின்ர நம்பர் கிடைக்கும், பூட்டை விட்ட உடன பழைய நிலை. செமபோரை (எண்ணிக்கை வச்சு மறிக்கிற இன்னொரு வகைப் பூட்டு) இந்த வேலைக்குப் பாவிக்காதேங்கோ, செமபோருக்குச் சொந்தக்காரர் எண்டு ஒராள் இல்லை, ஆருக்கு நம்பரை ஏத்திறது?

இன்னும் நல்ல வழி பூட்டே இல்லாமல் செய்யிறது. எழுதிறது ஒருத்தர், வாசிக்கிறது ஒருத்தர் எண்டால் சீ11 அட்டோமிக் (பூட்டில்லாமலே பாதுகாப்பா மாத்தக்கூடிய வேரியபிள்) ரெண்டை வச்சு ஒரு ரிங் பஃபர் (கடைசி இடம் முடிய திருப்பி முதல் இடத்துக்கு வாற பஃபர்) காணும். ஒண்டு எழுதின இடம், மற்றது வாசிச்ச இடம். மெமரி காட் சிலவேளை நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுக்கு இழுத்துக்கொண்டு நிக்கும், அதால ரிங் பஃபரில ஒண்டு ரெண்டு செகண்டுக்காவது இடம் விடுங்கோ, 48000 தர 2 பைட் தர 2 சனல், செகண்டுக்கு 192000 பைட்தானே, அதுக்கெல்லாம் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 8: ரியல்டைம் திரெட்டுக்குள்ள செய்யக்கூடாதது

மலொக், ஃப்ரீ, பிரிண்ட்எஃப், பைல் எழுதிறது ஒண்டும் வேண்டாம். எது எவ்வளவு நேரம் மறிக்கும் எண்டு தெரியாத எதுவும் வேண்டாம். மெயின் தொடங்கின உடன எம்லொக்ஓல் போட்டு இப்ப இருக்கிற மெமரியையும் இனி வரப்போறதையும் ராமில பூட்டுங்கோ, இல்லாட்டி வேண்டிய மெமரித் துண்டு ராமில இல்லாமல் பேஜ் ஃபோல்ட் ஒண்டு வந்து மெமரி காட்டைத் தட்டப் போகும், உங்கட பிரயோரிட்டி 99 எண்டாலும் அங்க செல்லாது. இதுக்கும் மெம்லொக் எண்ட லிமிட் இருக்கு, படி 4 இல சொன்ன அதே பைலில ஏத்தலாம்.

படி 9: மிசினைப் பூட்டிப்போடாமல் இருக்கிறது

ஃபைஃபோ திரெட்டில ஒரு முடிவில்லா லூப் விழுந்தா அந்தக் கோர் அதுக்கே சொந்தம். ஒரு கோர் மட்டும் உள்ள மிசின் எண்டால் கீபோட்டும் அசையாது, எஸ்எஸ்எச்சும் வராது. கேர்னல் இதுக்கு ஒரு தடுப்பு வச்சிருக்கு, டிஃபோல்ட்டா ஒவ்வொரு 1000000 மைக்ரோசெகண்டிலயும் ரியல்டைம் திரெட்டுகளுக்கு 950000 தான், மிச்ச 5 வீதம் மற்றவைக்கு. அந்த 5 வீதத்தில ஆறுதலா ஒரு கில் கமாண்டை அடிக்கலாம். 6.12 க்கு முந்தின கேர்னல்ல அந்த 950000 இருக்கிற செட்டிங்கில -1 போட்டு தடுப்பையே கழட்டச் சில பேர் சொல்லுவினம், டெவலப் பண்ணுற நேரத்தில அதைத் தொடவே தொடாதேங்கோ.

அதைவிட நல்லது ஆர்லிமிட்_ஆர்டிடைம். நித்திரைக்குப் போகாமல் தொடர்ந்து இவ்வளவு மைக்ரோசெகண்ட் ஓடினா சிக்எக்ஸ்சீபியு சிக்னல் வரும், ஹார்ட் லிமிட்டைத் தாண்டினா கில்தான். 5 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா நித்திரைக்குப் போகவேண்டிய திரெட்டுக்கு 200000 குடுத்தா எக்கச்சக்கம்.

சோதிக்கேக்க வெறும் மிசின்ல ஓட்டிப்போட்டு "சரி" எண்டு சொல்லாதேங்கோ. ஸ்ட்ரெஸ்-என்ஜி போட்டு எல்லாக் கோரையும் நிரப்பி, பக்கத்தில ஒரு பெரிய பைலையும் கொப்பி பண்ண விட்டுப்போட்டுப் பாருங்கோ. சைக்கிளிக்டெஸ்ட் எண்ட டூல் எழும்பப் பிந்தின நேரத்தை மின், அவரேஜ், மக்ஸ் எண்டு காட்டும். அவரேஜைப் பாத்து சந்தோசப்படாதேங்கோ, மக்ஸ்தான் கணக்கு. மக்ஸ் உங்கட 5.33 க்குக் கிட்டப் போகுதெண்டால் பிரயோரிட்டியால தீராது, பஃபரைப் பெருப்பிக்கவேணும் அல்லது பிரீம்ப்ட்_ஆர்டி (மேல சொன்ன ரியல்டைம்) கேர்னல் போடவேணும், 2024 இல வந்த 6.12 இல இருந்து அது மெயின் கேர்னலுக்குள்ளயே இருக்கு, முந்தி மாதிரி பாட்ச் தேடித் திரியத் தேவையில்லை.

கரண்ட் போய் வந்தா தானா தொடங்கவேணும் எண்டு புரோகிராமை சிஸ்டம்டி சேர்விசா மாத்தினீங்கள் எண்டால், லிமிட்ஸ் கொன்ஃப்பில போட்ட வரி அங்க செல்லாது, அது லொகின் பண்ணுற ஆக்களுக்கு மட்டும். சேர்விஸ் பைலில சேர்விஸ் பகுதிக்குள்ள லிமிட்ஆர்டிபிரயோ எண்டு போட்டு 30, லிமிட்மெம்லொக் எண்டு போட்டு இன்ஃபினிட்டி குடுங்கோ, டீமன்-ரீலோட் பண்ணி சேர்விஸை ரீஸ்டார்ட் பண்ணிப்போட்டு படி 6 இல சொன்ன மாதிரி பீஎஸ்ஸில எஃப்எஃப் வருதோ எண்டு திருப்பி ஒருக்காப் பாருங்கோ.